முகப் பழக்கம்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். அடுத்த மாதம் வேறு ஊருக்குக் குடிபோகிறாராம், கையில் வேலை இல்லாமல்தான் போகிறார், “நீங்கதான் இப்படிப் போய் இறங்கினவராச்சே, என்ன பண்ணணும்னு சொல்லுங்க” என்றார். முக்கால் மணி நேரம் பேசினேன். பணம் இத்தனை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ்களை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். போனை வைத்த பிறகு யோசித்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்று பட்டது. இந்த ஊரில் எனக்கு வேலை கிடைத்ததும், நான் ஒரு மாதிரி காலூன்றியதும் எதனால் என்று நிதானமாக உட்கார்ந்து எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

மூன்று வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பையும் ஒரு போர்வை மூட்டையுமாக இங்கே வந்து இறங்கினேன். பதினோரு வருடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அந்த ஊரில் என் வேலைக்கு வேறு இடம் இல்லை என்பது நான்கு மாதம் அலைந்த பிறகு புரிந்தது. பள்ளி ஆண்டு முடியும்வரை மனைவியும் மகளும் அங்கேயே இருப்பது, நான் முன்னால் போய் வேலையும் வீடும் பார்த்துவிட்டு அவர்களை அழைத்துக்கொள்வது என்று முடிவு. கிளம்புகிற அன்று மகள் கேட்டாள், “அங்க உங்களுக்கு யாரைப்பா தெரியும்?” அவளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் புது வகுப்புக்குப் போகும்போது நாங்கள் அவளிடம் கேட்கிற கேள்விதான் அது, அதையே திருப்பிக் கேட்டாள். “போனா தெரிஞ்சிடும்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் வழி நெடுக அந்தக் கேள்விதான் கூட வந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிடித்திருந்த அறையில் விளக்கு சுவிட்ச் கதவுப் பக்கம் இல்லாமல் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது, இருட்டில் எழுந்து மூன்று தடவை வெறும் சுவரைத் தடவினேன். எங்கோ ஒரு குழாய் விட்டு விட்டுச் சொட்டியது. மாடிப்படியில் யார் ஏறினாலும் விழிப்பு வந்தது. முப்பத்தெட்டு வயதில் புது இடத்தில் தூங்கப் பயப்படுகிறோமே என்று மனதுக்குள் குறுகிப்போய்க் கிடந்தேன். பிறகு ரொம்ப நாள் கழித்துப் படித்தேன், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள். புது இடத்தில் படுக்கும் முதல் ராத்திரி மூளையின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி தூங்குவதில்லையாம். வலது பாதி ஆழ்ந்து தூங்கும்போது இடது பாதி மேலோட்டமாகத்தான் தூங்குகிறது, பழக்கமில்லாத சத்தம் கேட்டால் ஆளை எழுப்பிவிடுகிறது. அதே இடத்தில் இன்னொரு நாள் படுக்கும்போது இந்த வித்தியாசம் போய்விடுகிறது. அதாவது நம்மில் பாதி காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. இது கோழைத்தனம் இல்லை, உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதை நண்பருக்குச் சொல்லியிருக்க வேண்டும்: முதல் ராத்திரியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். நான் அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, திரும்பிப் போகிற முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்திருந்தேன்.

அப்புறம் வீட்டுக் கதை. வீடு கேட்டுப் போனால் “எங்க வேலை பார்க்கறீங்க?” என்று கேட்பார்கள். வேலை கேட்டுப் போனால் “எங்க குடியிருக்கீங்க?” என்று கேட்பார்கள். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான், ஆனால் இரண்டுக்கும் பதில் இல்லாதவன் நடுவில் நிற்கிறான். இந்த வட்டத்தை எங்காவது ஒரு இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும், தங்கும் பக்கத்தில் வெட்டுவது சுலபம். முழு வீடு வேண்டாம், மாத வாடகைக்கு ஒரு ஒற்றை அறை போதும், ஒரு மாதம் முன்னால் சொன்னால் காலி செய்துகொள்ளலாம் என்கிற மாதிரி. ஊர் தெரியாமல் நல்ல வீடாகப் பார்த்து முன்பணம் முழுதும் கட்டிவிட்டு, வேலை ஊரின் இன்னொரு கோடியில் கிடைத்து, தினம் இரண்டு மூன்று மணி நேரம் வழியிலேயே கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் ஊர் பழக வேண்டும். அது போனால் ஊரே போன மாதிரி.

பணத்தைப் பற்றி, கணக்கு எழுதுகிறவன் என்கிற முறையில் ஒன்றே ஒன்று. வேலை கிடைக்கிற நாள் வேறு, சம்பளம் கைக்கு வருகிற நாள் வேறு. பல இடங்களில் மாதத்தில் ஒரு தேதியோடு சம்பளப் பட்டியலை மூடிவிடுவோம். அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு அந்த மாதத்து மிச்ச நாள் சம்பளமும் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். 22-ம் தேதி சேர்ந்தவர் கிட்டத்தட்ட 40 நாள் கையிலிருப்பதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும். வேலை கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் கையில் இருந்ததைச் செலவழித்துவிட்டு, சேர்ந்த மூன்றாவது வாரமே கடன் கேட்டு வந்து நின்ற ஒரு பையனை என் பழைய அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். சேருகிற அன்றே “முதல் சம்பளம் எந்தத் தேதியில வரும்?” என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. பட்டியல் போடுகிற இடத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன், அப்படிக் கேட்டவர் யாரையும் நான் தப்பாக நினைத்ததில்லை.

வேலை தேடிய முதல் ஐந்து வாரத்தைப் பற்றி நிறையச் சொல்ல முடியும், சொல்ல மனம் வரவில்லை. அறுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். வேலை வாங்கித் தருகிறோம் என்று ஒரு சின்ன அலுவலகம், ‘பதிவுக் கட்டணம்’ என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனால் கதவு பூட்டியிருந்தது, எனக்கு முன்னால் இரண்டு பேர் அதே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது, அழவும் முடியாமல் போகவும் முடியாமல் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பணம் போனதைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் இன்னும் எனக்கு வலிக்கிறது. வேலை கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். அவர் பேரைச் சொல்லி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்று அர்த்தம், எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்காணலில் என்னைத் தடுக்கி விழவைத்தது ஒரே கேள்வி: “ஏன் இந்த ஊருக்கு வந்தீங்க?” முதல் இரண்டு இடத்திலும் நான் நிறுவனம் மூடிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், எப்போது நஷ்டம் வந்தது, யார் யார் போனார்கள் என்றெல்லாம். எதிரில் இருந்தவர் முகம் இறுகிக்கொண்டே போனது. அறைக்குத் திரும்பி வந்து யோசிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. என் பழைய இடத்தில் ஒரு உதவியாளரைச் சேர்த்து, ஆறு மாதம் கூடவே உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்து, பேரேட்டை ஒப்படைக்கிற சமயத்தில் அவர் சொந்த ஊருக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன், எனக்கு அவர் கதை தேவைப்படவில்லை, இருப்பாரா போய்விடுவாரா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. சரி, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது இடத்தில், “அங்க நிறுவனத்தை மூடிட்டாங்க சார். பள்ளி ஆண்டு முடிஞ்சதும் குடும்பம் இங்க வருது, மகளுக்குப் பள்ளி பார்த்துக்கிட்டிருக்கேன். இனிமே இந்த ஊர்தான்” என்றேன். மூன்றே வாக்கியம். அந்த வேலை கிடைக்கவில்லை, வேறு காரணம். ஆனால் அன்று முதல்முறையாக எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். சொல்ல வந்தது இதைத்தான்.

வந்த புதிதில் ஊரைத் தெரிந்துகொள்கிறேன் என்று தினம் ஒரு பக்கம் போனேன். இன்று வடக்கு, நாளை தெற்கு. இரண்டு வாரம் இப்படிச் சுற்றியும் யார் முகமும் எனக்குள் தங்கவில்லை, என் முகமும் யாரிடமும் தங்கவில்லை. கால் வலியும் வெயிலும் சேர்ந்து மூன்றாவது வாரம் பொது நூலகத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தன. மின்விசிறி உண்டு, காசு கேட்க மாட்டார்கள், எவ்வளவு நேரம் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேலை இல்லாதவன் மரியாதையாக உட்காரக்கூடிய இடம் ஒரு ஊரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நூலகத்தின் அருமை தெரியும். காலை பத்து மணிக்குப் போய் ஜன்னலோரம் இரண்டாவது நாற்காலியில் உட்காருவேன். தினமும் அதே நாற்காலி.

அங்கே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துத்தான் படிப்பார்கள். எனக்கு வேண்டியது ‘ஆட்கள் தேவை’ இருக்கிற தாள். அதன் பின்பக்கம் குறுக்கெழுத்து. அந்தக் குறுக்கெழுத்துக்காகவே தினம் வருகிற ஒரு பெரியவர் இருந்தார், எழுபதைத் தாண்டியவர், கண்ணாடிக்குக் கழுத்தில் கயிறு கட்டியிருப்பார். நூலகத்துத் தாளில் எழுதக் கூடாது என்பதால் ஒரு கட்டம் போட்ட நோட்டில் கறுப்புக் கட்டங்களைப் பென்சிலால் அடைத்து, எண்களைப் போட்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்ட பிறகுதான் தாளை விடுவார். நான் காத்திருப்பேன். “எடுத்துக்கலாங்களா?” “ம்.” மூன்று வாரம் எங்கள் பேச்சு இவ்வளவுதான். நான்காவது வாரம் ஒரு நாள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, நோட்டின் மேல் விரலை வைத்துக் கட்டங்களை எண்ணிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, வருஷக் கடைசியில வியாபாரி போடுறது. நாலு எழுத்து. ரெண்டாவது எழுத்து ‘ந்’.”

“ஐந்தொகைங்க ஐயா.”

அவர் எழுதிப் பார்த்தார். ஐ, ந், தொ, கை. கடைசி எழுத்து மேலிருந்து கீழே வருகிற வார்த்தையோடும் பொருந்தியது. கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். “இப்ப எல்லாரும் பேலன்ஸ் ஷீட்டுன்னுல்ல சொல்றாங்க. கணக்கு எழுதுறவங்களா நீங்க?” ஆமாம் என்றேன், வேலை தேடுகிறேன் என்றேன். “அதான் தினம் இந்தப் பக்கத்துக்குக் காத்துக்கிட்டிருக்கீங்களா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரு தொலைபேசி எண், கட்டத்துக்கு ஒரு எண்ணாக எழுதியிருந்தார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற பையன் உதிரிபாக மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறானாம், அங்கே கணக்கு எழுதுகிறவர் மாத முடிவோடு நிற்கப் போகிறார், ஆண்டு முடிவு நெருங்குகிறது, முதலாளி திண்டாடிக்கொண்டிருக்கிறார். விளம்பரம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. மறுநாள் போனேன். பழைய பேரேட்டைக் காட்டி இதில் என்ன தப்பு என்று கேட்டார்கள், அரை மணி நேரத்தில் காட்டினேன். அடுத்த வாரம் சேர்ந்துவிட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்தத் தாள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், எனக்காக என் தம்பி தேடினான், மனைவியின் உறவுகள் தேடினார்கள், பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடினார்கள். கிடைத்தது, பெயர்கூடத் தெரியாத ஒருவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற, நான் பார்த்தே இராத ஒரு பையனிடமிருந்து. இது என் அதிர்ஷ்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மார்க் கிரனோவெட்டர் என்கிற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் இது ஊர் உலகத்துக்குப் பொதுவான வழி என்று புரிந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்கிற ஊரில், சமீபத்தில் வேலை மாறியவர்களை அவர் விசாரித்திருக்கிறார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் என்றவர்கள் 27.8 சதவீதம். அவர் சொல்கிற காரணம் எளிமையானது. நமக்கு நெருக்கமானவர்கள் நாம் புழங்குகிற வட்டத்திலேயே புழங்குகிறார்கள், நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவர் வேறு வட்டத்தில் இருக்கிறார், நம் காதுக்கு எட்டாத சேதி அவருக்கு எட்டுகிறது. 2022-ல் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் வைத்து இதைத் திரும்பச் சோதித்தபோதும், வேலை மாற அதிகம் உதவியது ஓரளவு பழக்கம் உள்ளவர்கள்தான் என்று வந்திருக்கிறது; ரொம்ப நெருக்கமானவர்களும் இல்லை, ஒரேயடியாக அறிமுகமே இல்லாத மாதிரி இருப்பவர்களும் இல்லை.

ஆக, தம்பி தேடியது வீண் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு அவனோடு பேசவில்லை என்றால் அந்த ஐந்து வாரத்தைத் தாண்டியிருக்கவே மாட்டேன். நெருக்கமானவர்கள் நம்மைத் தாங்குகிறார்கள். வழி மட்டும் வேறு எங்கிருந்தோ வருகிறது.

இதைப் படித்துவிட்டு, சரி, நாளையிலிருந்து நாலு பேரைப் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆள் பிடிக்கப் போனால் அது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். நான் அந்தப் பெரியவரிடம் எதையும் எதிர்பார்த்து உட்காரவில்லை, அதே நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அந்த ‘அதே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1992-ல் மோர்லேண்ட், பீச் என்று இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு கல்லூரி வகுப்புக்கு நான்கு பெண்களை மாணவிகள் மாதிரி அனுப்பினார்கள். ஒருவர் 15 தடவை போனார், ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் போகவே இல்லை. யாரிடமும் பேசக் கூடாது, வந்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. பருவம் முடிந்ததும் வகுப்பில் உள்ளவர்களிடம் நான்கு பேர் படத்தையும் காட்டிக் கேட்டால், அதிகம் வந்தவர்களைத்தான் அதிகம் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமலே. நம் பேச்சில் ‘முகப் பழக்கம்’ என்று ஒரு சொல் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது. “பழக்கம்னு சொல்ல முடியாது, முகப் பழக்கம்தான்” என்று ஒதுக்கிவைத்துத்தான் சொல்வோம். புது ஊரில் கால் வைக்கிறவனுக்கு முதலில் கிடைக்கக்கூடிய சொத்தே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், தினம் அங்கே போங்கள். நூலகமோ பூங்காவோ பேருந்து நிறுத்தமோ, எதுவானாலும் சரி. ஒரே பேருந்தில் ஒரே நேரத்துக்கு ஏறுங்கள். கேட்டால் உங்கள் தொழில் என்ன என்று ஒரு வரியில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். வேலை இல்லாமல் இருக்கிறோம் என்பதைச் சொல்ல நமக்குக் கூச்சம் இருக்கிறது, அந்தக் கூச்சத்தில் நான் முதல் மூன்று வாரத்தைத் தொலைத்தேன். அறை இருக்கும் கட்டடத்தில் யாராவது “என்ன பண்றீங்க?” என்று கேட்டால் “ஒரு வேலையா வந்திருக்கேன்” என்று மழுப்பிவிடுவேன். ஒருவேளை அவர்களிடமும் ஒரு சேதி இருந்திருக்கும்.

வேலை கிடைத்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். தனிமை உண்மையில் அப்போதுதான் வந்தது. தேடுகிறவரைக்கும் நாளுக்கு ஒரு முதுகெலும்பு இருந்தது, இன்று இங்கே போக வேண்டும், அவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று. சேர்ந்த பிறகு மாலை ஆறரைக்கு அறைக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன துண்டு வைத்த இடத்திலேயே கிடக்கும். வீட்டில் இருந்தால் யாராவது எடுத்து மடித்திருப்பார்கள், அல்லது மகள் அதை இழுத்துப் போட்டு விளையாடியிருப்பாள். வைத்தது வைத்தபடி இருப்பதைப் பார்க்கிறபோது வயிற்றில் ஏதோ செய்தது. ஊர் நினைப்பு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர் பாசல் நகரத்தில் இதை ஒரு நோய் என்றே ஆய்வேடு எழுதி, ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரும் வைத்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து. இன்று அதை இனிமையான நினைவு என்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு ஹோஃபர் வைத்த அர்த்தம்தான் பொருந்தும்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து தப்பான மருந்து. வாரா வாரம் சனிக்கிழமை பேருந்து ஏறி ஊருக்குப் போய்விடுவேன், திங்கள் விடியற்காலை நேராக வேலைக்கு. இரண்டு மாதம் இப்படி. குடும்பத்தைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் இந்த ஊர் எனக்கு வேலை நாள் முகத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலை தெருவில் யார் உட்காருவார்கள், எந்த மைதானத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர், ஊர் மாறி ஆறு மாதத்துக்குள் இருக்கிற 355 பேரை விசாரித்து 2018-ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: அறிமுகமானவர் ஓரளவு நண்பர் ஆவதற்கு 50 மணி நேரம் மாதிரி கூட இருக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், உயிர் நண்பர் என்றால் 200 மணி நேரத்துக்கு மேல். கூட வேலை பார்க்கிற நேரம் இதில் அவ்வளவாகச் சேருவதில்லை என்றும் சொல்கிறார், அதுதான் எனக்கு உறைத்தது. கிடங்கில் என் எதிர் மேஜைக்காரரோடு நானூறு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன், அவருக்கு எத்தனை குழந்தைகள் என்று தெரியாது. மணிக்கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. மூன்று மாதமாக ஒரு நண்பரும் இல்லையே, என்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறை என்னிடம் இல்லை, மணி இன்னும் ஆகவில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஊருக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். மகள் முதலில் அழுதாள். மற்ற சனிக்கிழமைகளில் நூலகம். பெரியவர் எனக்காக அந்தத் தாளை எடுத்து வைத்திருப்பார், விளம்பரம் பார்க்கிற தேவை இல்லாவிட்டாலும். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டத்தை நிரப்புகிறோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு முயன்றாலும் சிலருக்கு சில ஊர் ஒட்டாது. என்னோடு அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் இருந்தவர் எட்டு மாதம் இருந்துவிட்டு ஊருக்கே போய்விட்டார், போகும்போது தலை குனிந்து சொல்லிக்கொண்டு போனார். தலை குனிய எதுவும் இல்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. மக்கள் இடம்பெயர்வதைப் பற்றி முதலில் விதி எழுதப் பார்த்த ராவன்ஸ்டைன் 1885-லேயே சொன்னது, ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஒரு எதிர் ஓட்டம் உண்டு. போகிற கூட்டம் இருந்தால் திரும்புகிற கூட்டமும் இருக்கும். பக்கத்து அறைக்காரர் அதில் ஒருவர்.

ஏழாவது மாதம் மனைவியும் மகளும் வந்தார்கள். நான் ஒரு தப்பு செய்தேன். எனக்குப் பழகிய வழி, எனக்குப் பழகிய முகங்கள் என்று எல்லாவற்றையும் மனைவிக்கு ஒரே வாரத்தில் கொடுத்துவிடப் பார்த்தேன். “இவர்தான் அவர், இதுதான் அந்த இடம்” என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் அவள் நடுவழியில் நின்று சொன்னாள், “நீங்க ஏழு மாசம் முன்னாடி வந்துட்டீங்க. நான் இன்னைக்குத்தான் வந்திருக்கேன்.” அவளுக்கு அது முதல் ராத்திரிதான், சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிற நேரம்தான். ஒருவருடைய முகப் பழக்கத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அதற்கப்புறம் நான் விட்டுவிட்டேன். மகளைப் பள்ளியில் விடுகிற வாசலில் தினம் பத்து நிமிடம் நின்று, மனைவி தனக்குத் தானே ஆட்களைச் சேர்த்துக்கொண்டாள். இப்போது என்னைவிட அவளுக்குத்தான் இங்கே ஆள் அதிகம்.

ஸ்டான்லி மில்கிராம் என்கிற உளவியலாளர் 1972-ல் ‘பழகிய அந்நியர்’ என்று ஒரு வகையைச் சொன்னார். நியூயார்க் பக்கத்து ரயில் நிலையங்களில் காலையில் நிற்கிறவர்களைப் படம் எடுத்து, அங்கே நிற்கிறவர்களிடமே காட்டிக் கேட்டதில், ஒவ்வொருவரும் சராசரியாக நான்கு பேரை அடையாளம் சொன்னார்கள், ஒருநாளும் பேசியிராத நான்கு பேரை. எனக்கும் இங்கே ஒருவர் உண்டு. காலை எட்டு நாற்பதுக்குப் பேருந்து நிறுத்தத்தில் சாம்பல் நிறக் குடையோடு நிற்பார், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். என்னைப் பார்த்தால் முகவாயை லேசாக உயர்த்துவார். நானும். மூன்று வருடமாக இவ்வளவுதான். போன மாதம் பள்ளி விடுமுறையில் மகளைக் கிடங்குக்குக் கூட்டிப்போனபோது அவர் வழக்கம்போல முகவாயை உயர்த்தினார்.

“யாருப்பா அது?”

“தெரிஞ்சவர்மா.”

“பேரென்ன?”

“தெரியாது.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பேருந்து வந்தது, ஏறி உட்கார்ந்தோம், அவருக்கு வேறு பேருந்து. வண்டி கிளம்பும்போது மகள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அவர் முதலில் பின்னால் திரும்பி வேறு யாருக்கோ என்று பார்த்தார். அப்புறம் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை உயர்த்தி ஆட்டினார்.